கட்சி, கூட்டணி, முன்னணி: மலேசியாவில் கட்சி முறைமை உருவாகி மாறிய வரலாறு

தமிழில் ‘கட்சி’ என்னும் சொல் தேர்தலுக்கு முந்தியது. ஒரு வழக்கிலோ வாதத்திலோ ஒரு பக்கத்தைச் சார்ந்து நிற்பதையே அது குறித்தது. வழக்கறிஞரை நாடி வருபவர் இன்றும் ‘கட்சிக்காரர்’ என்றே அழைக்கப்படுகிறார். எதிர்ப்பக்கம் ஒன்று இருந்தால்தான் கட்சி என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. ஆதலால் ஒரு நாட்டின் கட்சிகளைத் தனித்தனியே எடுத்து ஆராய்வது போதாது. யார் யாரோடு சேர்ந்து, யாருக்கு எதிராக நிற்கின்றனர் என்னும் ஒழுங்கையும் ஆராய வேண்டும். அவ்வொழுங்கையே அரசறிவியலார் கட்சி முறைமை என்பர்.

இம்முறைமை எவ்வாறு பிறக்கிறது என்னும் வினாவுக்கு இரண்டு விடைகள் புகழ்பெற்றவை. 1951இல் பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் துவெர்ஜே, தேர்தல் விதிகளை முன்னிறுத்தினார். தொகுதியில் மிகுதியான வாக்குப் பெற்ற ஒருவரே வெல்லும் முறை, இரு பெரும் அணிகளை நோக்கி அரசியலைத் தள்ளும் என்பது அவர் கருத்து. 1967இல் லிப்செட், ரொக்கான் ஆகிய இருவரும் சமூகப் பிளவுகளை முன்னிறுத்தினர். ஐரோப்பாவில் 1920களில் நிலைபெற்ற பிளவுகளே 1960களிலும் கட்சிகளைப் பிரித்து நிறுத்தின என்று அவர்கள் காட்டினர். நம் நாட்டு வரலாறோ இவ்விரு விடைகளும் தனித்துப் போதா என்பதை உணர்த்துகிறது. இங்கே பிளவும் இருந்தது, விதியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் உடன்பாடு பிறந்தது. அதன் பிறப்பிடம் ஒரு நகராண்மைத் தேர்தல்.

ஒரு நகரத் தேர்தலின் விளைவு

1946 ஏப்ரலில் பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து, அதே ஆண்டு மே மாதம் ஜொகூர் பாருவில் அம்னோ தோன்றியது. ஆகஸ்டில் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட மறு ஆண்டில், 1949 பிப்ரவரியில், டான் செங் லொக் தலைமையில் மலாயா சீனர் சங்கம் எழுந்தது. மூன்றும் அவ்வச் சமூகத்தின் நலனுக்காகப் பிறந்தவை. ஒன்றோடொன்று கைகோக்க வேண்டும் என்னும் கட்டாயம் எதுவும் அன்று இருக்கவில்லை.

வேறொரு பாதையும் திறந்தே இருந்தது. அம்னோவின் நிறுவனரான டத்தோ ஓன் ஜாஃபார், அக்கட்சியின் கதவுகளைப் பிற இனத்தவர்க்கும் திறக்க முயன்றார். அம்முயற்சி ஏற்கப்படாததால் 1951இல் வெளியேறி, எல்லா இனத்தவரும் உறுப்பினராகத்தக்க மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அன்றைய ம.இ.கா.வின் ஆதரவு அவருக்கே இருந்தது.

1952 பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல் நடைபெற்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், அம்னோவின் கோலாலம்பூர்த் தலைவர்களும், எச்.எஸ். லீயின் தலைமையில் இயங்கிய சிலாங்கூர் மலாயா சீனர் சங்கத்தினரும் ஓர் உள்ளூர் உடன்பாடு செய்துகொண்டனர். கொள்கை ஒற்றுமை அதன் அடிப்படை அன்று. இடங்களைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் வேட்பாளருக்கு மற்றவர் வாக்குச் சேர்ப்பதே அதன் சாரம். 12 இடங்களில் 9 அவர்களுக்குக் கிடைத்தன. டத்தோ ஓனின் கட்சி இரண்டோடு நின்றது. நகர அளவில் வெற்றி தந்த அந்த ஏற்பாடு நாடளாவிய கூட்டணியாக வளர்ந்தது. 1954இல் ம.இ.கா.வும் அதில் இணைந்தது.

இனவாரிக் கட்சிகளின் அரசியல் இந்நாட்டின் தலையெழுத்து என்று சிலர் கூறுவர். 1952ஆம் ஆண்டின் நிகழ்வுகளைக் கூர்ந்து நோக்குவோர் அவ்வளவு உறுதியாகக் கூறத் தயங்குவர். இனப்பிளவு இருந்தது உண்மையே. எனினும், தனித்தனிக் கட்சிகள் உடன்பாட்டால் இணைவது பலன் தரும், ஒரே கட்சியில் கலப்பது பலன் தராது என்னும் பாடத்தை அரசியலாளர்க்குக் கற்பித்தது ஒரு தேர்தல் முடிவு.

வாக்குக்கு முன் நடந்த பேரம்

1955 ஜூலை 27ஆம் நாள் நடந்த முதற் பொதுத்தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. எஞ்சிய ஓரிடம் பாஸ் கட்சிக்குச் சென்றது. பதிவுபெற்ற ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் வாக்காளருள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். அவ்வாறிருந்தும் கூட்டணி 35 மலாய்க்காரரையும், 15 சீனரையும், 2 இந்தியரையும் நிறுத்தியது. மலாய் வாக்காளர் பெரும்பான்மையாக இருந்த தொகுதிகளில் சீன, இந்திய வேட்பாளர்கள் வென்றனர். வாக்குகள் இனவரம்பைத் தாண்டிச் செல்லும் என்பதற்கு அது சான்றாயிற்று.

ஆயின் இதற்கொரு விலையும் இருந்தது. யாருக்கு எத்தனை தொகுதி என்னும் வினாவே அரசியலின் மையமாயிற்று. அதற்கான விடை வாக்குப்பெட்டிக்கு வருமுன்னரே மூடிய அறையில் முடிவாயிற்று. விடுதலைக்குப் பின் குடியுரிமை விரிவடைந்தபோது வாக்காளர் பட்டியலின் இனவிகிதமும் மாறியது. 1959இல் மலாயா சீனர் சங்கத் தலைவர் டாக்டர் லிம் சோங் இயூ 40 தொகுதிகளைக் கேட்டார். துங்கு அப்துல் ரஹ்மான் 31ஐயே வழங்கினார். பின்னர் சங்கத்தை விட்டு விலகிய லிம், 1968இல் கெராக்கான் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரானார். 1969இல் பினாங்கு முதலமைச்சரும் ஆனார். கூட்டணிக்குள் தீராத பூசல், வெளியே சென்று புதிய கட்சியாகப் பிறக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே எடுத்துக்காட்டு.

இக்காலத் தமிழரின் அரசியலை ம.இ.கா.வின் வரலாறாக மட்டும் சுருக்குவது பிழை. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் மக்கள் முற்போக்குக் கட்சியை வலுவாக நடத்தினர். பங்சார் தொகுதியை 1959இல் சோசலிச முன்னணியின் வி. டேவிட் வென்றார், 1964இல் அதே தொகுதியை மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயர் வென்றார். தொழிற்சங்கம் தழைத்த இடங்களில் இனத்தைவிட உழைப்பு பெரிதாகப் பேசப்பட்டது. அப்பேச்சு நாடளாவிய முறைமையாக நிலைபெறவில்லை. ஆயினும் அது ஒலித்தது என்பதை மறத்தலாகாது.

கூட்டணி முன்னணியானது

1969 மே தேர்தலில் கூட்டணி, மேற்கு மலேசியாவில் வாக்குகளில் பாதியை எட்டவில்லை. மே 13ஆம் நாள் கலவரம் மூண்டது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை முடங்கியது. துன் அப்துல் ரசாக் வகுத்த வழி, எதிரணியை வெல்வதைவிட உள்ளே அழைப்பது. கெராக்கான், மக்கள் முற்போக்குக் கட்சி, பாஸ் ஆகியவை இணைய, 1974இல் தேசிய முன்னணி பதிவுபெற்றது. அவ்வாண்டுத் தேர்தலில் 154 இடங்களில் 135ஐ அது கைப்பற்றியது. பாஸ் 1977இல் பிரிந்தது, ஏனையவை நிலைத்தன.

நம்மவரின் பார்வையில் இம்முன்னணியின் உறுதியை அறியச் சுங்கை சிப்புட் தொகுதி ஒன்றே போதும். 1959 முதல் துன் வீ.தி. சம்பந்தனும், 1974 முதல் டத்தோ ச. சாமிவேலுவும் அதன் உறுப்பினராயினர். அரை நூற்றாண்டளவு அத்தொகுதி இருவர் கையிலேயே இருந்தது. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றும் இல்லை. சிதறி வாழும் சிறுபான்மைக்கு, பங்கீட்டால் கிடைக்கும் இடமே உறுதியான குரல் என்று அன்று கருதப்பட்டது. அக்கருத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் பங்கீட்டால் வந்த குரல் பங்கீடு செய்வோரைக் கடிந்து பேச இயலாது என்னும் குறையும் இருந்தது.

உறைந்தது உருகிய காலம்

2007 நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராஃப் பேரணி அக்குறையை வீதிக்குக் கொணர்ந்தது. 2008 மார்ச் 8ஆம் நாள் தேசிய முன்னணி 222 இடங்களில் 140ஐ மட்டுமே பெற்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சுங்கை சிப்புட்டில் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் வென்றார். அன்று சிதறி வாழ்தலே வலிமையாயிற்று. எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லாத சமூகம், போட்டி கடுமையான பல தொகுதிகளில் தராசு முள்ளைச் சாய்க்க வல்லது என்பது புலனாயிற்று.

2013இல் முன்னணி 47 விழுக்காட்டு வாக்குகளோடு 133 இடங்களை வென்றது. அதனினும் மிகுதியான வாக்குப் பெற்ற எதிரணிக்குக் கிட்டியவை 89. 2018 மே 9ஆம் நாள் ஆட்சி முதன்முறையாகக் கைமாறியது. 2020இல் உறுப்பினர்கள் அணி மாறியதால் அவ்வாட்சி கவிழ்ந்தது. அதன் எதிரொலியாக 2022இல் கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமையும், தானியங்கிப் பதிவும் நடைமுறைக்கு வந்ததால் வாக்காளர் தொகை இரண்டு கோடியைத் தாண்டியது. 2022 நவம்பர் 19ஆம் நாள் நடந்த தேர்தலில் எந்த அணிக்கும் 112 இடங்கள் கிட்டவில்லை. நெடுங்காலம் எதிரெதிரே நின்ற நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் ஓரமைச்சரவையில் அமர்ந்தன.

1952க்கும் 2022க்கும் இடையே நேர்ந்த ஆழ்ந்த மாற்றம் இதுவே: பேரம் தேர்தலுக்கு முன்பிருந்து தேர்தலுக்குப் பின்புக்கு இடம்பெயர்ந்தது. 1955இன் வாக்காளர் தாம் தேர்ந்தெடுக்கும் அரசு எதுவென அறிந்தே வாக்களித்தார். ஆனால் அதன் உட்பங்கீட்டில் அவருக்குச் சொல் இல்லை. 2022இன் வாக்காளர்க்குத் தெரிவுகள் மிகுதி. ஆயினும் தம் வாக்கு எவ்வரசில் போய்ச் சேரும் என்பதை அவர் முன்னறியவில்லை. இரண்டில் எது சிறந்தது என்று எளிதில் தீர்ப்புக் கூற இயலாது. இரண்டிலும் வாக்காளர்க்குத் தெரியாமல் முடிவான பகுதி ஒன்று உண்டு. அப்பகுதி எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு மக்களாட்சி வளரும்.

பெரிய கட்சிகள் பெயர் மாறினும் பிழைக்கும். சிறிய சமூகங்கள் முறைமை மாறும்போது விழித்திருந்தாலன்றிப் பிழைத்தல் அரிது. எந்தக் கட்சியை ஆதரிப்பது என்பது அவரவர் விருப்பம். பேரம் எங்கே, எப்பொழுது, யாரால் நடத்தப்படுகிறது என்பதை அறிவதோ அனைவர்க்கும் பொதுவான கடமை. கட்சிக்காரர் தம் வழக்கை அறியாதிருந்தால் வழக்கறிஞரைக் குறைகூறிப் பயனில்லை.