காலத்தை உணர இடர்ப்படும் சிறார்கள்

இன்னும் பத்து நிமிடங்களில் பாடசாலை வாகனம் வந்துவிடும் என்று தாய் எச்சரித்த பின்னரும், ஒரு காலில் மாத்திரம் சப்பாத்தை அணிந்தவாறு சுவரில் ஊரும் எறும்பை நோக்கிக்கொண்டிருக்கும் சிறுவர்கள் பல வீடுகளில் உள்ளனர். வகுப்பில் ஏனையோர் விடைத்தாளைக் கையளிக்கும் வேளையிலும் இவர்கள் இரண்டாவது வினாவைத் தாண்டியிருக்க மாட்டார்கள். சோம்பேறி, சொல்வழி கேளாதவன் என்ற பட்டங்கள் இவர்களுக்கு எளிதில் கிடைத்துவிடுகின்றன. சில வேளைகளில் பிரம்படியும் கிடைக்கின்றது. ஆனால், இவர்களுள் ஒரு சாராருக்குப் பத்து நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்பதே சரிவரப் புலப்படுவதில்லை என்பதை உளவியல் ஆய்வுகள் உணர்த்துகின்றன.

கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் கோளாறு உலகளவில் சிறுவர்களுள் சுமார் 5 சதவீதத்தினரிடம் காணப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லியும் அவரது சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இத்தகைய சிறுவர்களுக்கு 12 விநாடி முதல் 60 விநாடி வரையான கால அளவுகள் காட்டப்பட்டன. பின்னர் அதேயளவு நேரத்தைத் தாமாகவே கணித்துக் காட்டுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். ஏனைய சிறுவர்களிலும் பார்க்க அவர்கள் அதிகமாகத் தவறிழைத்தனர். காலத்தைக் கணிப்பதில் பங்குகொள்ளும் முன்மூளை, சிறுமூளை ஆகிய பகுதிகளின் தொழிற்பாட்டில் உள்ள வேறுபாடுகளே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இதனைக் 'காலக் குருட்டுத்தன்மை' என பார்க்லி வர்ணித்தார். நாளை மறுதினம் வரவுள்ள பரீட்சை அச்சிறுவனுக்குத் தொலைதூரத்துப் பனிமூட்டமே அன்றி வேறல்ல.

டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாட்டில் காலம் வேறொரு வகையில் சம்பந்தப்படுகின்றது. இங்கு பிரச்சினை நிமிடங்களிலல்ல. விநாடியின் சிறு கூறுகளில் உள்ளது. விரைந்து மாறும் ஒலிகளைப் பிரித்தறிவதில் இச்சிறுவர்கள் சிரமப்படுவதாக போலா டலால் 1980இல் எடுத்துக்காட்டினார். பேச்சின் தாளத்தையும் அசைகளின் எழுச்சியையும் உணர்வதில் உள்ள குறைபாட்டை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியை உஷா கோஸ்வாமி வலியுறுத்துகின்றார். இவையே முழுமையான காரணங்கள் என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. எனினும், எழுத்தை ஒலியுடன் பொருத்துவதற்குக் காலவுணர்வு துணைசெய்கின்றது என்பதைத் தமிழ் பேசுவோருக்கு விளக்க வேண்டியதில்லை. கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற அந்தக் கணக்கே 'படம்' என்பதையும் 'பாடம்' என்பதையும் வேறுபடுத்துகின்றது. குர்ஆன் மத்ரசாவில் மத்து எழுத்துகளை இரண்டு, நான்கு, ஆறு என்ற அளவுகளில் நீட்டி ஓதப் பழகும் சிறுவனும் காலத்தையே அளக்கின்றான்.

இவ்விரு இடர்ப்பாடுகளும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து காணப்படுவது அரிதன்று. இவற்றுக்கும் அறிவாற்றல் குறைவுக்கும் தொடர்பில்லை என்பதையும் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

கண்ணுக்குப் புலப்படாத காலத்தைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதே இச்சிறுவர்களுக்கு நாம் செய்யக்கூடிய முதலுதவியாகும். முள் நகர்வதைக் காட்டும் மணிக்கூடு, மணற்கடிகாரம், சுவரில் ஒட்டிய படங்களுடன் கூடிய நேரசூசி ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஏற்படாது. பெரிய வேலையைச் சிறு பகுதிகளாக்கிக் கொடுப்பதும், அசைகளுக்குக் கைதட்டி வாசிக்கப் பழக்குவதும் எந்த ஆசிரியருக்கும் இயலக்கூடியவையே. சந்தேகம் எழுமிடத்து, காலந்தாழ்த்தாது சிறுவர் உளநல மருத்துவரை நாடுவது அவசியமாகும்.

எமது கல்வி முறையோ பத்து வயதிலேயே பிள்ளையை மணிக்கூட்டுடன் போட்டியிட வைக்கின்றது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் அறிவு மட்டுமன்றி வேகமும் அளக்கப்படுகின்றது. விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் வழங்கும் ஏற்பாடு பரீட்சைத் திணைக்களத்திடம் உண்டு. ஆயினும், பிள்ளையின் இடர்ப்பாடு உரிய வேளையில் இனங்காணப்பட்டாலன்றி அந்தச் சலுகையால் பயனேதுமில்லை. அதனை முதலில் காணக்கூடியவர்கள் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களே. அவர்களுக்கு இதற்கான பயிற்சியை அளிப்பது கல்வி அதிகாரிகளின் பொறுப்பாகும்.

பார்வை குன்றிய பிள்ளை கரும்பலகையைப் படிக்கவில்லை என்பதற்காக நாம் தண்டிப்பதில்லை. மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கின்றோம். காலத்தைக் காண இயலாத பிள்ளைக்கும் அதே நியாயம் கிடைக்க வேண்டும்.