நெல்லுச்சோறும் கமலைக் கிணறும்

சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன் போடுறவங்க இப்போ அடிக்கடி கேக்குறது, "கம்பு கிடைக்குமா, குதிரைவாலி கிடைக்குமா, உடம்பைக் குறைக்கணும்" என்பதுதான். கிடைக்கும். ஆனா அந்தக் காலத்து ஆளுங்க ஒட்டின வயிறும் முறுக்கின கையுமா இருந்ததுக்குக் கம்பு மட்டும்தான் காரணம்னு நினைச்சா, கதையில பாதி விட்டுப்போச்சு.

எங்க செட்டியார்பட்டிக்கு மேற்கே மலை, கிழக்கே போகப் போகக் கரிசல். கண்மாய்த் தண்ணி பாயுற இடத்துல நெல்லு. பாயாத இடத்துல கிணறு, கிணத்துக்குக் கமலை. நகரத்துல பிறந்தவங்களுக்காகக் கொஞ்சம் விவரமா சொல்றேன். கிணத்து மேட்டுலேருந்து ஒரு சரிவு இறங்கும். மாடு வடத்தை இழுத்துக்கிட்டுச் சரிவுல இறங்கும்போது, கூனை நிறைய தண்ணி மேல வந்து வாய்க்கால்ல கொட்டும். அப்புறம் மாட்டைப் பின்பக்கமாவே நடத்தி மேட்டுக்குக் கொண்டுவரணும். கூனை மறுபடி உள்ளே போகும். இருட்டோட பூட்டினா வெயில் ஏறுற வரைக்கும் இதே நடைதான். மாட்டோட ஒரு ஆள், பாத்தி மாத்த மம்பட்டியோட ஒரு ஆள். அரை ஏக்கர் நனையுறதுக்குள்ள உடம்பு நனைஞ்சிரும்.

பெண்கள் பாடு இதைவிட மோசம். கம்பைத் தண்ணி தெளிச்சு உரல்ல குத்தணும், புடைக்கணும், மறுபடி இடிக்கணும், அப்புறம்தான் உலை. களை எடுத்துட்டு வந்த கையோட தினம் இந்த வேலை. அரைக்கிற மில்லு வந்தப்போ உலக்கையை மூலையில சாத்துனவங்க யாரும் வருத்தப்பட்டதா நான் கேள்விப்படலை. இப்போ யூடியூப்ல உரலைக் காட்டி ஏங்குறவங்க, ஒருநாள் நாலு படி குத்திப் பார்த்துட்டு ஏங்கலாம்.

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அடுத்த இருபது, முப்பது வருஷத்துல தென்மாவட்டக் கிணறுகள்ல ஒண்ணொண்ணா மோட்டார் ஏறிச்சு. சுவிட்சைப் போட்டா தண்ணி. கமலையும் போச்சு, அந்த நடையும் போச்சு.

அதே காலத்துலதான் தட்டும் மாறிச்சு. கரிசக்காட்டுல நெல்லுச்சோறுங்கறது தீபாவளி, பொங்கல், கல்யாணத்துக்கு. மத்த நாளெல்லாம் கம்பு, சோளம், வரகு. 1966-ல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 நெல்லை வெளியிட்டுது. 1967-ல் அண்ணா ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசின்னு ஆரம்பிச்சார். 2008-ல் ரேஷன்ல கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம். இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பழைய ஆளுங்க ஒல்லியா இருந்ததுல பாதி, பத்தாத கஞ்சியோட ஒல்லி. அதுக்குப் பேர் ஆரோக்கியம் இல்ல, பசி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆராய்ச்சிக்கூடம் நடத்தினார். 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கறது அதுதான். 1920-கள்ல அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு, ஒண்ணுக்கு சீக்கியர் சாப்பாடு, ஒண்ணுக்குப் பட்டாணியர் சாப்பாடு, மராத்தியர், வங்காளி, மதராஸ்காரர்னு தனித்தனியாப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ன சீக்கிய எலி சராசரியா 235 கிராம். தீட்டின அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, புளி, மிளகாய், காப்பின்னு தின்ன மதராஸ் எலி 155 கிராம். எல்லாக் கூட்டத்துலயும் நோஞ்சான் அதுதான்.

அன்னைக்கு ஆளை நோஞ்சானாக்குன அதே வெள்ளைச் சோறு, நூறு வருஷத்துல தொப்பை போட வச்சிருச்சு. தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16-ல் எடுத்தப்போ தமிழ்நாட்டுப் பெண்கள்ல அதிக எடை 30.9 சதவீதம், ஆண்கள்ல 28.2. 2019-21-ல் அது 40.4, 37. சோத்துல சத்து அன்னைக்கும் குறைச்சல், இன்னைக்கும் குறைச்சல். ஆனா இன்னைக்கு மூணு வேளையும் வயிறு முட்டக் கிடைக்குது, கூட எண்ணெயும் சீனியும் சேர்ந்திருக்கு. செலவழிக்கத்தான் கமலை இல்ல.

கம்பு வாங்குறவங்களுக்கு ஒரு கணக்கு: நூறு கிராம் கம்புலயும் நூறு கிராம் அரிசியிலயும் கலோரி ஏறக்குறைய ஒண்ணுதான், 350 சுத்தி. வித்தியாசம் நார்ச்சத்துல. கம்புல 11 கிராமுக்கு மேல, தீட்டின அரிசியில 3 கிராம்கூட இல்ல. அதனால கம்பு சீக்கிரம் வயித்தை நிறைக்கும், பசி தாங்கும். அளவு தானா குறையும். அதை விட்டுட்டு நெய் ஊத்தி நாலு கம்பு தோசை, அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவான்னு போனா, ஆடு தின்ன கணக்குதான்.

எங்க ஊரும் இப்போ உட்கார்ந்த ஊர்தான். செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கிற தொழில் ஓஹோன்னு நடக்குது. தையல் மிஷினுக்கும் மோட்டார் வந்தாச்சு, கால் மிதிக்கிற வேலையும் இல்ல. காலையில ஆம்பளைங்க நாலு பேர் ராஜபாளையம் ரோட்டுல கை வீசி நடக்குறாங்க. தைக்கிற பெண்கள் நடந்து நான் பார்த்ததில்ல. சமைச்சு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, மிஷின்ல உட்கார்ந்தா எந்திரிக்கப் பொழுது சாஞ்சிரும். அவங்ககிட்ட "தினம் ஒரு மணி நேரம் நடங்க"ன்னு எந்த வாயால சொல்றதுன்னு தெரியலை.