காயில் கப்ளரும் கடற்கரைச் சாலையும்

ஓடும் காரில் எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் பழி முதலில் விழுவது பிளக் மேல். அடுத்து இக்னிஷன் காயில் மேல். காயிலின் தலையில் செருகியிருக்கும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கப்ளரைக் கடைசியாகத்தான் சந்தேகிக்கிறோம். இக்னிஷன் வரலாறு இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது. ஒரு நூற்றாண்டில் காயில் பலமுறை உருமாறியது. அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் இணைப்போ ஒவ்வொரு காலத்திலும் பலவீனமான இடமாகவே நீடித்தது. அந்த இணைப்பைச் சரிசெய்யும் கைவேலைதான் ஆட்டோ எலக்ட்ரீசியன் தொழிலின் உயிர்நாடி என்பது என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்கக் காலாப்பட்டு ஏற்ற ஊர். புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்தபின் மறுபடி புதுச்சேரி எல்லை தொடங்கும் இடம் அது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன துண்டு நிலங்களில் ஒன்று. மீனவக் குப்பங்களுக்கு அருகே 1980களின் நடுவில் பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும் வந்தன. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவடைந்தது. சென்னை போகும் கார்கள் உப்புக்காற்றிலேயே ஓடும் ஊராக அது மாறியது.

பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தைக் காயில் வழியாகப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும் முறையை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்தார். 1910களின் தொடக்கத்தில் காடிலாக் கார்களில் அது வந்தது. எஞ்சின் முழுவதற்கும் ஒரே காயில். பாயிண்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை அதன் துணை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்த 1954இலும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் அம்பாசடர் வந்தபோதும் இந்த அமைப்பே நீடித்தது. 1961இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இத்தகைய மின்பாகங்களை இங்கேயே தயாரித்தது. பின்னாளில் புதுச்சேரியிலும் அதற்கு ஆலை அமைந்தது. அந்தக் காயிலின் தலையில் இரண்டு முனைகள் வெளியே தெரியும்படி இருந்தன. ஒயர் தளர்ந்தால் நட்டை முடுக்கலாம். பச்சை பூத்தால் எமரி தாளால் தேய்க்கலாம். பழுது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் எட்டியது.

2000இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகள் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டரை விரட்டின. எரிபொருளைக் கணினி பீய்ச்சத் தொடங்கியது. டிஸ்ட்ரிபியூட்டரும் மெல்ல விடைபெற்றது. பல எஞ்சின்களில் ஒவ்வொரு பிளக்குக்கு மேலும் ஒரு காயில் அமர்ந்தது. நான்கு சிலிண்டர் என்றால் நான்கு காயில், நான்கு கப்ளர். ஒவ்வொரு கப்ளரும் இரண்டு முதல் நான்கு ஒயர்களையும், அவற்றின் நுனியில் மெல்லிய உலோக டெர்மினல்களையும், ஈரம் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலையும் தாங்குகிறது. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது நகம் போன்ற ஒரு பிளாஸ்டிக் லாக். சிலிண்டர் ஹெட்டின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து மொறுமொறுத்த அந்த லாக், பிளக் மாற்றக் கழற்றும்போது ஓர் அழுத்தத்தில் முறிந்துவிடுகிறது. முறிந்த பிறகும் கப்ளர் செருகியபடியே நிற்பதால் பழுது கண்ணில் படுவதில்லை. ஆனால் எஞ்சின் அதிர்வில் டெர்மினல்கள் ஒன்றோடொன்று நுண்ணியதாக உரசும், மேற்பூச்சு தேயும், ஆக்சைடு படியும். சீல் சரியாக அமராத இடைவெளியில் காலாப்பட்டின் உப்பு ஈரம் நுழைந்தால் அந்த அரிப்பு விரைவாகும். தடை ஏறும், தீப்பொறி விட்டுவிட்டு வரும்.

கடலோரத்தில் எல்லா உலோகமும்தானே துருப்பிடிக்கிறது, கப்ளரை மட்டும் ஏன் தனித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். கதவுத் தகட்டில் துரு பரவினாலும் கார் ஓடும். டெர்மினலிலோ மயிரிழைப் படலம் போதும், ஒரு சிலிண்டர் செயலிழக்க. கம்பெனி விதிப்படி ஒயரிங் முழுவதையும் மாற்றுவதுதான் பாதுகாப்பு, பட்டறை ஒட்டு நீடிக்காது என்பது இன்னும் வலுவான மறுப்பு. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடும் வேலைக்கு அது முற்றிலும் பொருந்தும்; சூட்டில் பசை உருகி டேப் அவிழ்ந்துவிடும். கேபிள் டை போட்டு இறுக்கினால் கப்ளர் கழன்று விழாது, ஆனால் சீல் பொருந்துமென்ற உறுதி இல்லை. முறையான வேலை வேறு. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கழற்றப்படுகிறது. ஒயரோடு வரும் புதிய கப்ளரை ஒவ்வொரு ஒயராக, நிறமும் இடமும் பிசகாமல் இணைக்கிறார்கள். ஒட்டுகள் பக்கம் பக்கமாக விழாதபடி ஒயர்கள் வெவ்வேறு நீளத்தில் வெட்டப்படுகின்றன. கிரிம்ப் செய்த ஒட்டின் மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் ஏறுகிறது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்களே இத்தகைய கப்ளர்களைத் தனி உதிரிபாகமாக விற்கின்றன. தயாரிப்பாளரே ஏற்ற வழியைத் தரக்குறைவு என்று தள்ளுவது நியாயமாகாது.

ஸ்கேனர் வந்தபின் இந்தக் கைத்திறன் எதற்கு என்பது மூன்றாவது கேள்வி. ஸ்கேனர் காட்டும் பி 0302 என்ற குறி, இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று மட்டுமே சொல்லும். காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கும்போது பழுதும் கூடவே போனால் குற்றம் காயிலுடையது. அங்கேயே தங்கினால் பிளக், ஒயர், கப்ளர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அந்தத் தேடலைச் செய்வது மனிதர்தான். தேடாமல் நல்ல காயிலைத் தூக்கி எறிந்தால் வண்டிக்காரர் பணத்தை இழக்கிறார், பழுது மட்டும் அப்படியே இருக்கிறது.

மின்சாரக் காரில் இக்னிஷன் காயிலே கிடையாது. கப்ளர்களோ நிறைய உண்டு, சிலவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. எமரி தாளிலிருந்து ஸ்லீவ் வரை வந்த இந்தத் தொழில் அங்கும் தேவைப்படும், கூடுதல் பயிற்சியோடும் பாதுகாப்போடும். கடலோர ஐடிஐகளில் இணைப்பு வேலைக்கு எஞ்சின் வேலைக்குச் சமமான மதிப்பும் நேரமும் தர வேண்டும். பட்டறைக்காரர் பில்லில் பாகத்தின் விலைக்குக் கீழே தன் தேடலுக்கும் ஒட்டுக்கும் தனிக்கூலி எழுதலாம். அதைப் பேரம் பேசாமல் கொடுப்பது வண்டி வைத்திருப்பவரின் கடமை.