சங்கீதக் கதிரை

இலக்கிய அமர்வில் உளவியலாளர் சங்கங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கு வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

2012 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, எனக்கு இடம் கிடைக்கேல்லை." அது மருத்துவ உளவியலில் முனைவர் படிப்பு. பாடங்கள் முடிந்திருந்தன. ஆனால் ஓராண்டு உள்ளகப் பயிற்சி செய்யாமல் பட்டம் கிடையாது. அடுத்த ஒரு வருடம், கோயிலிலும் கலியாண வீட்டிலும் "பிள்ளை இன்னும் படிக்கிறாவோ?" என்ற கேள்விக்கு அக்காதான் பதில் சொன்னா.

அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அவளைப் போலவே நின்றார்கள். இது தனி ஒருத்தியின் குறை அல்ல என்று விளங்கியபோதுதான் நான் இந்த வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

கதை இரண்டாம் உலகப் போரின் முடிவில் தொடங்குகிறது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு உளவியலாளர் தேவைப்பட்டார்கள். ஆனால் போதிய ஆட்கள் இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நிர்வாகம் 1946இல் தன் மருத்துவமனைகளைப் பயிற்சிக்குத் திறந்தது. 1947இல் டேவிட் ஷாகோ தலைமையிலான குழு, நான்காண்டு முனைவர் படிப்பில் ஓராண்டு உள்ளகப் பயிற்சியாக இருக்கவேண்டும் என்றது. 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் சுமார் 70 பேர் இரண்டு வாரம் கூடிப் பேசி அந்தப் பாதையை உறுதிசெய்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அரசின் பொதுச் சுகாதாரச் சேவை பணம் கொடுத்தது. ஆக, இந்தத் தொழிற்கல்வி பிறக்கும்போதே பல்கலைக்கழகம், மருத்துவமனை, அரசு என்ற மூவரின் பிள்ளையாகத்தான் பிறந்தது.

பயிற்சி தரும் மருத்துவமனைகள் 1968இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தன. அந்தக் காலத்து வழக்கம் வேடிக்கையானது. பெப்ரவரியில் குறித்த ஒரு திங்கட்கிழமை எல்லா நிலையங்களும் தொலைபேசியில் இடம் வழங்கும். மாணவர்கள் நாள் முழுக்கத் தொலைபேசியின் அருகில் காத்திருப்பார்கள். முன்கூட்டி வாக்குறுதி கேட்கக்கூடாது என்பது விதி. ஆனால் "தந்தால் உடனே ஏற்பேன்" என்று சொல்லிவைத்தவருக்கு மணி முதலில் அடித்தது. பொருளியலாளர் அல்வின் ராத் இந்தத் தொலைபேசிச் சந்தையையே ஆராய்ந்து எழுதினார்.

1999இல் கணினிப் பொருத்தம் வந்தது. மாணவரும் நிலையமும் விருப்ப வரிசை கொடுக்க, கணினி இணைத்துவிடும். அதை நடத்தியது நாம் வாழும் ரொறன்ரோவில் உள்ள ஒரு நிறுவனம்தான். இவ்வகைப் பொருத்தம் பற்றிய ஆய்வுக்காக லாயிட் ஷேப்லியும் ராத்தும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றது 2012இல், என் மருமகள் இடமின்றி நின்ற அதே ஆண்டில்.

பொருத்தம் நியாயமாகத்தான் நடந்தது. ஆனால் சங்கீதக் கதிரை விளையாட்டில் பாட்டை எவ்வளவு ஒழுங்காக நிறுத்தினாலும் கதிரை கூடாது.

யார் கதிரை போடுவது? பழைய பல்கலைக்கழகத் துறைகள், அளவுக்கு மீறி மாணவரைச் சேர்ப்பதாகத் தனித் தொழிற்கல்லூரிகளைச் சாடின. கல்லூரிகளோ பயிற்சி இடங்களைக் கூட்டச் சொன்னன. இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்று சங்கங்கள் கூடி முடிவெடுத்தால் வணிகப் போட்டிச் சட்டத்தில் சிக்கலாம் என்ற அச்சமும் இருந்தது. எந்தச் சங்கத்துக்கும் மற்றதைக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. மிஞ்சியது ஒரே மேசையில் இருந்து பேசுவதுதான். அதற்கென்று பயிற்சி அவைகளின் தலைவர்கள் கூடும் பேரவை ஒன்று இயங்கியது.

வெளியே அரசிடமும் போகவேண்டியிருந்தது. மருத்துவர்களின் பயிற்சிக்கு மெடிகேர் திட்டத்திலிருந்து பணம் வருகிறது. உளவியலாளருக்கு அப்படியொரு நிலையான ஊற்று இல்லை. 2002இல் உளவியல் பட்டக்கல்விக்கென்று ஒரு கூட்டாட்சி நிதித் திட்டம் தொடங்கியது. மற்றச் சுகாதாரத் துறையினரோடு சேர்ந்து, வசதி குறைந்த மக்களிடையே பயிற்சி தரவேண்டும் என்பது அதன் நோக்கம். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. "எங்கள் மாணவருக்கு இடமில்லை" என்பது ஒரு சங்கத்தின் முறைப்பாடு. "உங்கள் மக்களுக்கு உளவியலாளர் இல்லை" என்பது எல்லாருடைய கவலை. இரண்டாவதைச் சொல்லும்போதுதான் கதவு திறக்கிறது.

2012இல் அமெரிக்க உளவியல் சங்கம் 30 லட்சம் டொலர் வரை ஒதுக்கியது. தரச்சான்று இல்லாத பயிற்சி நிலையங்கள் சான்று பெற அது உதவியது. 2018 வாக்கில் இடங்களின் எண்ணிக்கை விண்ணப்பித்தோரை முந்தியது.

மருமகளுக்கு மறு ஆண்டே இடம் கிடைத்தது. இன்று அவளிடம் மாணவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அண்மையில், தன் நிலையத்தில் இன்னும் ஓர் இடம் கூட்டுவதற்காக நிர்வாகத்தோடு மன்றாடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "ஒரு கதிரைதானே?" என்றேன்.

"ஓம் மாமா, ஆனால் அந்த ஒண்டில்லாமல்தானே நான் ஒரு வருசம் நிண்டனான்" என்றாள்.