மஞ்சட்பொட்டும் முதுமையும்

தலைவாசலில் ஒருவர் வந்து நிற்பது தெரிகின்றது. வந்தவர் மகனா அயலவரா என்பது தெரியவில்லை. முற்றத்து வேலியும் அதன் ஓரத்து மரமும் கண்ணிற் படுகின்றன. கையிலுள்ள புத்தகத்தின் எழுத்தோ நடுவில் அழிந்து கிடக்கின்றது. முதியோர் சிலருக்கு நேரும் இந்நிலையை வீட்டார் பெரும்பாலும் கண்புரை என்றே எண்ணிக்கொள்வர். நேரே பார்த்தும் பேசாது போனாரே என்று மனத்தாங்கல் கொள்வோரும் உளர். கண்புரை கண்ணின் முற்பக்கத்து வில்லையில் உண்டாவது. இந்நோயோ கண்ணின் பின்சுவரில், விழித்திரையின் நடுவேயுள்ள மஞ்சட்பொட்டில் உண்டாவது. வில்லையை மாற்றினால் இது தீராது.

மஞ்சட்பொட்டின் குறுக்களவு ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றர். ஒருவர் வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகம் அறிவதும் இச்சிறு நிலத்தின் உதவியாலேயே. 1782 ஆம் ஆண்டில் இத்தாலியரான பிரான்செஸ்கோ புற்சி இதனைக் குறிப்பிட்டார். 1791 இல் ஜேர்மானிய உடற்கூற்றறிஞர் சொமரிங் இதனைத் தாமே கண்டு, நடுவில் ஒரு துவாரம் இருப்பதாகக் கருதினார். உண்மையில் அங்கிருப்பது துவாரமன்று, ஒரு குழி. உயிரற்ற கண்களை அறுத்துப் பார்த்தே அறியவேண்டியிருந்த காலத்தில் அத்தவறு நேர்ந்தது வியப்பன்று.

1851 இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ணுள் நோக்கும் கருவியை வெளியிட்டபின், உயிரோடிருப்பவரின் விழித்திரையை வைத்தியர் நேரிற் காணலாயினர். நான்காண்டுகளில் ஒல்லாந்தரான டொண்டர்ஸ், முதியோரின் விழித்திரைக்கு அடியிற் படியும் மஞ்சள் நிறத் துணிக்கைகளை விவரித்தார். 1874 இல் லண்டன் வைத்தியர்களான ஜொனதன் ஹச்சின்சனும் வாரன் டேயும், முதியோரின் இரு கண்களிலும் நடுப்பகுதி ஒரே வகையாய்ப் பழுதுறுவதைப் பதிவுசெய்தனர். (குழந்தைகளைத் தாக்கும் வேறொரு கொடிய நோய்க்கு இந்த வாரன் டேயின் பெயரே பின்னர் வழங்கலாயிற்று.) 1885 இல் சுவிற்சர்லாந்தின் ஒற்றோ ஹாப் நோய்க்கு ஒரு பெயரும் இட்டார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. மருந்துக்காக நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

காலப்போக்கில் நோயின் இருவகைகள் தெளிவாயின. உலர்வகையில் விழித்திரைக் கலங்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேய்கின்றன. ஈரவகையில் விழித்திரையின் அடியிலிருந்து வேண்டாத குருதிக்கலங்கள் முளைத்து, கசிந்து, குருதி சிந்தி, கிழமைகளிலேயே நடுப்பார்வையைப் பறித்துவிடுகின்றன. 1961 இல் அமெரிக்க மருத்துவ மாணவர் இருவர், நாளத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி விழித்திரைக் குருதியோட்டத்தைப் படம்பிடிக்கும் முறையை வெளியிட்டனர். அதன்பின் கசியும் இடத்தைக் காணமுடிந்தது. கண்ட இடத்தை லேசர் ஒளியாற் சுட்டனர். ஆனால், சுட்ட இடம் வடுவாகிக் குருடாகும். புதுக்கலம் மஞ்சட்பொட்டின் மையத்திலேயே முளைத்திருந்தால், நோய் பறிக்குமுன் வைத்தியமே பார்வையைப் பறிக்கும். எத்தனையோ பேரை ஒன்றும் செய்வதற்கில்லையென்று வைத்தியர்கள் வீட்டுக்கு அனுப்பியது இதனாலேயே.

இந்தக் கதவு திறந்தது கண் வைத்தியத்தால் மாத்திரமன்று. புற்றுநோய் ஆராய்ச்சி அதற்குப் பெரிதும் உதவிற்று. கண்ணில் புதுக்கலங்களை வளர்க்கும் ஒரு பொருள் இருத்தல் வேண்டுமென 1948 இலேயே மைக்கேல்சன் ஊகித்திருந்தார். புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய குருதிக்கலங்களைத் தானே வரவழைக்கின்றது என 1971 இல் ஜூடா போக்மன் கூறியபோது நம்பாதோர் பலர். 1989 இல் நப்போலியோனே பெராரா முதலானோர் அத்தகைய வளர்ச்சிப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதனைத் தடுக்கும் பெவசிசுமாப் 2004 இல் குடற்புற்றுக்கும், றானிபிசுமாப் 2006 இல் ஈரவகைக் கண்ணோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. றானிபிசுமாப் ஊசியைக் கண்ணுள் ஏற்ற, ஓராண்டில் ஏறத்தாழ மூன்றிலொருவர் பரிசோதனை அட்டையில் முன்னிலும் மூன்று வரி அதிகமாய் வாசித்தனர். பார்வை மேலும் போகாதிருந்தாற் போதுமென்றிருந்த வைத்தியர்க்கு இது புதுமை.

அதன் விலையோ அந்நாளில் ஒரு தடவைக்குச் சுமார் 2000 டொலராயிருந்தது. 2005 இல் பிலிப் றோசன்பெல்ட் என்ற அமெரிக்க வைத்தியர், புற்றுநோய்க்கென வந்த பெவசிசுமாப்பையே சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் ஏற்றிப் பார்த்தார். செலவு சுமார் 50 டொலர். அம்மருந்து அப்போது கண்ணுக்கென அனுமதி பெற்றிருக்கவில்லை. எனினும் 2011 இல் அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஒப்பீடு, ஓராண்டு முடிவில் இரண்டும் பார்வையைக் காப்பதில் நிகரெனக் காட்டிற்று. வசதி குறைந்த நாடுகளின் முதியோர்க்கு இந்த முடிவின் பெறுமதி சொல்லாமலே விளங்கும்.

உலர்வகையின் கதை இவ்வளவு இனியதன்று. நோய் ஓரளவு முற்றியோர்க்குக் குறிப்பிட்ட விற்றமின்களும் துத்தநாகமும் கூட்டிக் கொடுத்தால், மேலும் முற்றும் அபாயம் காற்பங்களவு குறைகின்றதென 2001 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. புகைத்தல் இந்நோயை வளர்ப்பது உறுதியாகிவிட்டது. 2023 இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற இரு ஊசி மருந்துகள் தேய்வைத் தாமதிக்கச் செய்கின்றனவேயன்றி, இழந்த பார்வையை மீட்பதில்லை.

ஈரவகைக்கும் ஊசி பயன்படுவது வடு விழுமுன் ஏற்றினாற்றான். அதனால், சுவிஸ் வைத்தியர் மார்க் அம்சிலர் 1940களில் அமைத்த கட்டம் வரைந்த தாள் இன்றும் கைவிடப்படவில்லை. நடுவே ஒரு புள்ளி. சுற்றிலும் நேர்கோட்டுச் சதுரங்கள். வாசிப்புக் கண்ணாடி அணிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணாற் புள்ளியை நோக்குதல் வேண்டும். இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தோன்றினால், அடுத்த மாதம்வரை பொறுத்திருத்தல் ஆகாது; கண் வைத்தியரிடம் உடனே செல்லல் வேண்டும்.