தரிசு என்ற சொல்லும் தாவர டீசலும்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் இன்று நாம் காண்பது மோட்டார் உலகம். உடையவர் அவதரித்த ஊர் என்று அறியப்பட்ட இப்பகுதிக்கு வண்டித் தொழிற்சாலைகளின் முகம் வந்து ஒரு தலைமுறைக்காலமே ஆகிறது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012 ஏப்ரலில் டைம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. இந்த டைம்லருக்கும், ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் நம் உழவர்கள் வேலியாக நட்ட காட்டாமணக்குக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதைச் சொல்லப் புகுந்தால் 1900ஆம் ஆண்டின் பாரிசிலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வாண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனத்தார் வைத்திருந்த சிறிய டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. வந்தவர்களில் வெகு சிலரே அதைக் கவனித்தனர் என்று ருடால்ஃப் டீசல் 1912இல் நினைவுகூர்ந்தார். ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கடலையைக் கொண்டே அங்குள்ள எஞ்சின்களை ஓட்டலாமா என்று பிரெஞ்சு அரசு ஆராய்ந்த காலம் அது. அதே காலத்தில்தான் தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை, புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகரத்தின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. டீசல் எஞ்சினும் நம் கடலைக்காடும் அன்றே அண்டை வீட்டார் எனலாம்.

ஆயினும் செக்கில் ஆட்டிய எண்ணெயை அப்படியே ஊற்றி ஒரு வண்டியை நெடுநாள் ஓட்ட இயலாது. தாவர எண்ணெய் டீசலைக் காட்டிலும் பன்மடங்கு பிசுபிசுப்பானது. எரிபொருளைத் தெளிக்கும் நுண்துளைகளில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு வழியை பெல்ஜியத்தைச் சேர்ந்த சவான் 1937இல் காப்புரிமையாகப் பதிந்தார். எண்ணெயோடு ஆல்கஹாலைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் கிளிசரின் பிரிந்துவிடும். எஞ்சுவது டீசல்போல் இளகி ஓடும். இன்று பயோடீசல் என்று நாம் அழைப்பது இதுவே. பொதுவாக மெத்தனாலும், வினையூக்கியாகக் காரமும் சேர்க்கிறார்கள். எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, பெட்ரோலிய டீசலையே ஒத்த எரிபொருளாக மாற்றுவது மற்றொரு வழி. பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் 2007இல் போர்வோவில் அதற்கெனப் பேராலை அமைத்தது.

ஆக, வேதியியல் நெடுநாள் முன்னரே கைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் அது அரசின் திட்டமானது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில். 2002 டிசம்பர் 31 அன்று தில்லி-அமிர்தசரஸ் சதாப்தி ரயிலில் பயோடீசல் கலவை சோதிக்கப்பட்டது. 2003இல் திட்டக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி எண்ணெய்க் கிணறு போதாத நாட்டுக்குக் காட்டாமணக்கு வாய்த்தது. டீசலில் 20 விழுக்காடு கலக்க ஏறத்தாழ 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேர் தேவை என்றும், அதைத் தரிசு நிலங்களில் பெறலாம் என்றும் அவ்வறிக்கை கணக்கிட்டது. அதே 2003இல், அன்று டைம்லர் கிரைஸ்லர் எனப்பட்ட நிறுவனம், குஜராத்தின் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து காட்டாமணக்கு ஆய்வில் இறங்கியது. 2004இல் அந்த எண்ணெயில் ஓடிய மெர்சிடிஸ் கார் ஒன்று நாட்டின் குறுக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சென்றுவந்தது. எஞ்சின் தேர்வில் வென்றது.

தோற்றது நிலத்தில். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்குப் பயிரிட்ட உழவர்களை அரிசா-மொண்டோபியோ, லேலே என்னும் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. நீர் இருந்தாலன்றிக் கட்டுப்படியாகாது. நலிந்த உழவரை அது மேலும் நலியச் செய்கிறது என்பன அவை. வறட்சியைத் தாங்கும் செடி வறட்சியில் சாகாதுதான். ஆனால் சாகாதிருப்பது வேறு, காய்த்துக் கொட்டுவது வேறு.

தரிசு என்ற சொல்லையும் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் வட்டாரத்தில் தரிசெனப்பட்ட நிலங்களில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைத்தோர் பலர். ஜெனிஃபர் பேக்கா, ராபர்ட் பெய்லிஸ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, காட்டாமணக்கு டீசல் தரக்கூடிய பயனுள்ள ஆற்றலைப்போல் 2.5 முதல் 10.3 மடங்குவரை அந்தக் கருவேலம் ஏற்கனவே தந்துகொண்டிருந்தது. ஏட்டில் வெறுமையாக இருந்த நிலம் ஊரின் அடுப்பாக இருந்திருக்கிறது.

2009ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் 20 விழுக்காடு கலப்பை இலக்காக வைத்தது. 2018ஆம் ஆண்டின் கொள்கை 2030க்குள் 5 விழுக்காடு என இறங்கி, பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றின் பக்கம் திரும்பியது. ஒரகடத்திலிருந்து பாரத்பென்ஸ் லாரிகள் புறப்பட்டபோது காட்டாமணக்கு அலை ஏற்கனவே தணிந்திருந்தது.

தாவர டீசல் பொய்யன்று. 1900இலேயே அது மெய்யாகிவிட்டது. அடுத்த முறை புதியதொரு எண்ணெய்ச் செடியின் பெயர் நம் காதில் விழும்போது, எஞ்சின் ஓடுமா என்று கேட்பதற்குமுன் இன்னொன்றை நாம் கேட்க வேண்டும்: அதை நடப்போகும் நிலத்தில் இன்று யார் பிழைக்கிறார்கள்?