‘கோச்சை மாத்து, ரெஃபரியை மாத்து!’ - சென்னையின் எஃப்.சி ரசிகர்களின் கோபம் யார் மேல் போகணும்?

சென்னையின் எஃப்.சி தோற்றுப்போன ராத்திரி, எந்த ஊர் ரசிகர் குரூப்பாக இருந்தாலும் மூணு மெசேஜ் கண்டிப்பாக வரும். ‘முதல்ல கோச்சைத் தூக்குங்கடா.’ ‘ஸ்ட்ரைக்கரே இல்லாம இதெல்லாம் ஒரு டீமா?’ ‘ரெஃபரி மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா...’

செஞ்சி மாதிரி ஊரில் இருக்கும் ரசிகருக்கு இந்தக் கடுப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நேரு ஸ்டேடியம் இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். ஊருக்கு ரயில் கிடையாது. கத்தித் தீர்க்க கேலரியும் இல்லை, மொபைல் ஸ்க்ரீன்தான். அதனால் எல்லாக் கோபமும் கமென்ட்டாகவே கொட்டுகிறது. ஆனால் அது சரியான ஆளைத்தான் போய்ச் சேர்கிறதா? பெரும்பாலும் கோச்சும் ரெஃபரியும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏனென்றால் கேமராவில் தெரிவது அவர்கள்தான். முடிவெடுக்கும் ஆட்கள் கேமராவில் வருவதே இல்லை.

கோச் நாற்காலி

2014-ல் தொடங்கிய கிளப் இது. உரிமையாளர்கள் அபிஷேக் பச்சன், வீடா தானி, தோனி. ரெண்டாவது வருஷமே, 2015 டிசம்பரில், மட்டராஸி கோச்சாக இருந்தபோது கோவாவை அதன் சொந்த மண்ணில் 3-2 என்று சாய்த்துக் கோப்பை. 2018 மார்ச்சில் ஜான் கிரிகோரி கோச்சாக இருந்தபோது பெங்களூரை கண்டீரவா மைதானத்தில் அதே 3-2 கணக்கில் வீழ்த்தி இன்னொரு கோப்பை. ரெண்டு ஃபைனலும் எதிரியின் ஊரில். கெத்துதான்!

அதற்கு அடுத்த சீஸனைப் பாருங்கள். அதே கோச், கிட்டத்தட்ட அதே டீம். 18 மேட்ச்சில் ரெண்டே வெற்றி, மொத்தம் 9 புள்ளி, டேபிளில் கடைசி இடம். முந்தைய சீஸனில் 9 கோல் அடித்த ஜெஜெவின் ஃபார்ம் போனதுமே அணியும் படுத்துவிட்டது.

2019 டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த டீம் ஃபைனல் வரைக்கும் போனது. கொரோனா பயத்தில் காலி ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஃபைனலில் ஏ.டி.கே-விடம் 3-1 எனத் தோற்றாலும், ‘நம்ம டீம் திரும்பிடுச்சு’ என்று எல்லோரும் நம்பினோம். வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கியிருந்தார். சில மாதங்களில் காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். அடுத்த சீஸன் கோச் சாபா லாஸ்லோ. 20 மேட்ச்சில் 11 டிரா, 3 வெற்றி, எட்டாவது இடம். அதற்கு அடுத்த வருஷம் பாண்டோவிச். கோவாவிடம் 5-0 வாங்கியதும் அவரும் பாதியில் அவுட். மீதி மேட்ச்சுகளை நம்ம ஊர் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். மறுபடி எட்டு. பிறகு பிர்டாரிச். மறுபடியும் எட்டு! அதற்குள் ஜாம்ஷெட்பூரோ, காயிலை வைத்து 2021-22 லீக் ஷீல்டையே தூக்கிவிட்டது.

காமெடி என்னவென்றால், விட்ட வால்ஸ்கிஸை 2022 ஜனவரியில் திரும்பக் கூட்டி வந்தார்கள். விட்ட காயிலை 2023-ல் திரும்பக் கூட்டி வந்தார்கள். ஆறாவது இடம், ப்ளே ஆஃப் எனக் கொஞ்சம் நிமிர்ந்தது. 2024-25-ல் 13 டீமில் பதினொன்றாவது. 2025-ல் காயில் மறுபடி கிளம்ப, கிளிஃபோர்டு மிராண்டா வந்தார்.

செஞ்சிக்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் உடனே புரியும். நம்ம கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய சுல்ஃபிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-ல். நடுவில் பின்வாங்கல், சமாதானப் பேச்சு, ‘இவரு உள்ளே இருக்கிறவங்களோட டீல் போட்டுட்டாரோ’ என்ற சந்தேகம்கூடக் கிளம்பியது. ஆனாலும் தளபதி மாறவில்லை. நம்ம கிளப்பில் எட்டு வாரத்துக்கே உத்தரவாதம் கிடையாது. இத்தனை கோச் மாறியும் எட்டாவது இடம் மாறவில்லை என்றால், கோளாறு கோச் நாற்காலியில் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்? எந்த வீரரை எடுக்கணும், யாருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம், எந்த ஸ்டைலில் ஆடணும் என்பதை கோச்சைத் தாண்டி ஒருத்தர் தொடர்ச்சியாகப் பார்க்கணும். அது இல்லாவிட்டால், புது கோச் வரும்போதெல்லாம் பழைய கோச் சேர்த்த ஆட்களை வைத்து ஒரு சீஸன் ஓட்டவேண்டியதுதான்.

ஸ்ட்ரைக்கர் எங்கே பாஸ்?

இந்தக் குறை சென்னைக்கு மட்டும் உள்ளதல்ல. 2014-ல் ஐ.எஸ்.எல் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் இறங்கலாம். 2017-18-ல் அது ஐந்து. 2021-22-லிருந்து நான்கு. அந்தக் கோட்டாவை எங்கே செலவழிப்பார்கள்? ஒரு சென்டர் பேக், ஒரு மிட்ஃபீல்டர், கண்டிப்பாக ஒரு ஸ்ட்ரைக்கர். கோல் அடிக்கும் இடம் வெளிநாட்டவருக்கு ரிசர்வ் ஆகிவிட்டால் இந்தியப் பையன் எங்கே பழகுவான்? 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை, 40 வயதில், 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். அந்த ஐ.எஸ்.எல் சீஸனில் அதிக கோல் அடித்த இந்தியரும் அவர்தான், 14 கோல். தாத்தாவைத் திட்டாதீர்கள், பேரனை வளர்க்காதவர்களைக் கேளுங்கள்.

சென்னை ரசிகருக்கு இதற்கு மேல் ஒரு தனி எரிச்சல் உண்டு. தமிழ்நாட்டுப் பையன்கள் ஆடுகிறார்கள், ஆனால் வேற ஊர் ஜெர்ஸியில். காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி பெங்களூரில் கலக்கினார். நந்தகுமார், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்து கொல்கத்தாவையே ஆடவைத்தார். குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் பெயர் வாங்கியது ஜாம்ஷெட்பூரில். எட்வின் வன்ஸ்பால், தனபால் கணேஷ் போன்றவர்கள் நீல ஜெர்ஸி போட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை போதாது. வளர்த்த ஆளும் நிற்பதில்லை. 2016-லிருந்து இங்கேயே ஆடி கேப்டனான அனிருத் தாபா, 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். ‘காசு வந்ததுல்ல’ என்கிறார்கள். வரட்டும். அந்தக் காசில் யாரை வாங்கினீர்கள் என்பதுதான் கேள்வி.

96-வது நிமிஷம்

ரெஃபரி விவகாரத்தில் எல்லா ரசிகரும் மனப்பாடமாகச் சொல்லும் தேதி 2023 மார்ச் 3. பெங்களூரு - கேரளா பிளாஸ்டர்ஸ் நாக் அவுட். 90 நிமிஷம் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைமில் ஃப்ரீ கிக். கேரளா ஆட்கள் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே சேத்ரி டப்பென்று அடித்துவிட்டார். ரெஃபரி கோல் என்றார். கோச் இவான் வுகோமனோவிச் தன் டீமையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக் கிடைத்த அணி உடனே அடிக்கலாம். சுவர் அமைக்க டைம் கொடுக்கணும் என்று எதிரணிக்கு உரிமை கிடையாது. ஆனால் ரெஃபரி ‘விசிலுக்கு அப்புறம்தான்’ என்று சைகை காட்டிவிட்டால், அல்லது கார்டு எடுக்க ஆட்டத்தை நிறுத்திவிட்டால், விசில் வரும்வரை அடிக்கக்கூடாது. மொத்தச் சண்டையும் அந்தச் சைகை இருந்ததா, இல்லையா என்பதில்தான். கேரளாவின் புகார் எடுபடவில்லை. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை. ரெண்டு பக்கமும் நியாயம் பேசலாம். ஆனால் வெளிநடப்பு செய்ததில் கேரளாவுக்கு நஷ்டம்தான் மிச்சம்.

‘வி.ஏ.ஆர் இருந்தா எல்லாம் சரியாகிடும்’ என்பது அடுத்த வசனம். ஐ.எஸ்.எல்லில் அது இல்லாதது பெரிய குறைதான். ஆனால் 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த சுத்தமான கோல், வி.ஏ.ஆர் அறையில் நடந்த குழப்பத்தில் காணாமல் போனது. ரெஃபரிகள் அமைப்பே ‘மனிதத் தவறு’ என்று ஒப்புக்கொண்டது. மெஷின் வந்தாலும் அதைப் பார்ப்பது மனுஷன்தானே.

நமக்குப் பொருத்தமான வழி வேற ஒன்று இருக்கிறது. ஃபிஃபா 2024-லிருந்து ‘ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்’ என்ற ஒன்றைச் சோதித்து வருகிறது. கிரிக்கெட் டி.ஆர்.எஸ் மாதிரிதான். கோச்சுக்கு மேட்ச்சுக்கு ரெண்டு ரிவ்யூ. ரெஃபரி தானே மானிட்டரில் பார்த்து முடிவு சொல்வார். தனி அறை, பெரிய கேமராப் படை எதுவும் வேண்டாம். கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையிலேயே பயன்படுத்திப் பார்த்துவிட்டார்கள். ‘வி.ஏ.ஆர் வை’ என்று கத்துவதைவிட ‘இதையாவது வை’ என்று கேட்பது புத்திசாலித்தனம். கூடவே இன்னொன்று: ரெஃபரிகளை நியமிப்பது கிளப்போ லீக்கோ அல்ல, அகில இந்திய கால்பந்து சம்மேளனம் (ஏ.ஐ.எஃப்.எஃப்). டேக் பண்ணித் திட்டுவதானாலும் சரியான முகவரிக்குப் போகட்டும்!

கடைசி இடத்துக்கும் தண்டனை இல்லை

இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ கடைசியாக வந்தால் கீழ் டிவிஷன். வருமானம் போகும், மானம் போகும். ஐ.எஸ்.எல்லில் முதல் பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பயமே இல்லை. 2018-19-ல் கடைசியாக வந்த சென்னை, அடுத்த சீஸனும் அதே லீக்கில்தான் ஆடியது. பயம் இல்லாத இடத்தில் அவசரமும் இருக்காது. ரசிகர்களின் கோபத்தில் ரொம்ப நியாயமான பகுதி இது என்பேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருக்கிறது. டீமே இல்லாமல் போவது. ஹைதராபாத் எஃப்.சி 2022 மார்ச்சில் சாம்பியன். ரெண்டே வருஷத்தில் சம்பளப் பாக்கியில் வீரர்கள் கூட்டமாக விலகினார்கள். 2025-ல் அந்த டீம் டெல்லிக்குப் போய் பெயரையே மாற்றிக்கொண்டது. நம்ம மாநிலத்திலேயே, கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன். பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்த சீஸன். இப்போது அந்தக் கிளப் எந்தத் தேசிய லீக்கிலும் கிடையாது. கேட்பதற்கு ஆள் இருந்தார்கள், பதில் சொல்லத்தான் யாரும் இல்லை.

2025-ல் சென்னையின் ரசிகர்களுக்கும் அந்தப் பயம் வந்தது. அப்போது லீக்கை நடத்திய எஃப்.எஸ்.டி.எல் நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் 2010-ல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் தயாராகவில்லை. ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் பெங்களூரும் சென்னையும் வீரர்கள் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. அந்த மாதங்களில் ‘ஸ்ட்ரைக்கர் வாங்கு’ என்று எந்த குரூப்பிலும் மெசேஜ் வரவில்லை.

கத்தினால் கேட்குமா?

சில இடங்களில் கேட்டிருக்கிறது. கேரளாவின் மஞ்சப்படை 2024 டிசம்பரில் நிர்வாகத்துக்கு எதிராக வெளிப்படையாகவே போராட்டத்தில் இறங்கியது. அடுத்த மாதமே ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பதாக கிளப் அறிவித்தது. ஜெர்மனியில் வெளி முதலீட்டாளருக்கு லீக்கில் பங்கு கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்தார்கள். மேட்ச் மேட்ச்சாக நின்றது. 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அங்கே கிளப் உறுப்பினர்களிடம்தான் பாதிக்கு மேல் ஓட்டு இருக்கணும் என்று விதியே உண்டு. நமக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் கேள்வி கூர்மையாக இருந்தாக வேண்டும்.

‘மேனேஜ்மென்ட் ஒழிக’ என்று போட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘இந்த வருஷ கிளப் லைசென்ஸில் எந்தப் பிரிவில் சறுக்கினோம்?’ என்று கேட்டால் சொல்லித்தான் ஆகணும். சம்மேளனம் வருஷா வருஷம் நிதி, கட்டமைப்பு, இளையோர் அணி என்று தனித்தனியாகப் பரிசோதிக்கிறது. புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை வாங்கிய கிளப்புகளின் பட்டியலை ஃபிஃபா தன் இணையதளத்திலேயே போடுகிறது, மொபைலில் ரெண்டு நிமிஷ வேலை. நம்ம டீம் பெயர் அதில் வருகிறதா என்று டிரான்ஸ்ஃபர் சீஸனுக்கு முன்னாடியே பார்த்துவிடலாம். சீஸன் முடியும்போது எத்தனை பேரின் ஒப்பந்தம் முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதி டீமுக்கு மேல் என்றால், அடுத்த வருஷமும் முதலிலிருந்துதான்.

பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்கள் சென்னையில் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் தனித்தனியாகப் புலம்புவதைவிட அவர்கள் மூலமாகக் கேட்டால் ஒரு எண்ணிக்கையாவது தெரியும். நம்ம பக்கத்திலிருந்து முதல் கோரிக்கை மேட்ச் டைமாக இருக்கட்டும். ராத்திரி 7.30 மேட்ச் முடிய ஒன்பதரை. பார்க் ஸ்டேஷனில் ட்ரெயின் பிடித்து, வண்டலூரில் இறங்கி, கிளாம்பாக்கம் போய், திண்டிவனம் வழி திருவண்ணாமலை பஸ் ஏறினால் செஞ்சி கூட்ரோட்டில் இறங்கும்போது விடியப்போகிறது. சனி, ஞாயிறிலாவது சாயங்காலம் 5 மணிக்கு வைத்தால் பன்னிரண்டு மணிக்குள் வீடு வந்து சேரலாம், மறுநாள் காலேஜுக்கும் போகலாம். இதற்கு ஸ்ட்ரைக்கர் வாங்க வேண்டாம், கோச்சை மாற்ற வேண்டாம், வி.ஏ.ஆரும் வேண்டாம்.